மூன்று மட்டையும் ஒரு மோட்டார் சைக்கிளும்

சீடன்: ஐயா, ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை. இதில் பேச என்ன இருக்கிறது?

குரு: எதை வைத்து ‘ஒரே’ என்கிறாய்? பின்லாந்தில் நோக்கியா உயரதிகாரி ஒருவர் 50 கிலோமீட்டர் வேக எல்லையுள்ள சாலையில் 75-இல் மோட்டார் சைக்கிள் ஓட்டினார். 2002-இல் அவருக்கு விழுந்த அபராதம் 1,16,000 யூரோ.

சீடன்: அநியாயம்! கூலிக்காரனுக்கு இதில் நூறில் ஒரு பங்கு வருமா?

குரு: பணத்தை எண்ணாதே, நாளை எண்ணு. 1921 முதல் அங்கே அபராதம் நாள் கணக்கு. நாட்கள் இருவருக்கும் ஒன்றுதான். ஒரு நாளின் விலைதான் அவரவர் வருமானப்படி. தன் வருமானம் சரிந்துவிட்டது என்று அந்த அதிகாரி முறையிட்டதும் தொகையைப் பெருமளவு குறைத்தார்கள்.

சீடன்: அப்படியானால் ஆளைப் பார்த்துத் தண்டிப்பதே சரி.

குரு: கலிபோர்னியாவிலும் ஆளைத்தான் பார்த்தார்கள். 2000-இல் கோல்ஃப் கடை ஒன்றிலிருந்து ஒருவன் நொண்டி நொண்டி வெளியேறினான். கடை ஊழியருக்குச் சந்தேகம். பேன்ட் காலுக்குள் மூன்று மட்டைகள், ஒவ்வொன்றும் 399 டாலர். கத்தியைக் காட்டிய கொள்ளை, வீடு புகுந்த திருட்டு என்று பழைய வழக்குகள் இருந்தன. ‘மூன்றாவது முறை’ சட்டம் பாய்ந்தது: 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதை ஏற்றது.

சீடன்: மட்டைக்கா இருபத்தைந்து வருஷம்?

குரு: இவன் திருந்தமாட்டான் என்ற கணிப்புக்கு.

சீடன்: கணிப்பே கூடாது என்கிறீர்களா?

குரு: நார்வேயிலும் கணிப்பு உண்டு. 2011-இல் 77 பேரைக் கொன்றவனுக்கு 21 ஆண்டுத் தடுப்புக்காவல். நம் ஊரில் பலர் சிரித்தார்கள். ஆனால் அவன் இன்னும் ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கருதினால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்ட வேண்டும். பத்தாண்டு கழித்து விடுதலை கேட்டான், 2022-இல் மறுத்தார்கள். கலிபோர்னியாக்காரனைப் பற்றிய கணிப்போ ஒரே நாளில் எழுதி முடிந்தது.

சீடன்: நம் நாட்டில்?

குரு: 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரிதினும் அரிதான வழக்கில்தான் தூக்கு. குற்றத்தோடு குற்றவாளியையும் பார். அவன் திருந்தமாட்டான் என்று அரசு சான்றோடு நிறுவட்டும்.

சீடன்: போன வாரம் ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் இருந்தேன், ஐயா. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்டனை விசாரணை. அரசு வழக்கறிஞர் தூக்கு கேட்டார். ‘ஏதாவது சொல்ல வேண்டுமா?’ என்றார் நீதிபதி. அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி, ‘அம்மாவுக்கு வயசாயிடுச்சு’ என்றான்.

குரு: திருந்தமாட்டான் என்பதற்கு அரசு தரப்பு என்ன காட்டியது?

சீடன்: ஒன்றும் காட்டவில்லை. யாரும் கேட்கவுமில்லை.