கேட்பதற்கு ஓர் இடம்

"எங்க ஊர்ல அந்த மாதிரியெல்லாம் எதுவும் கிடையாதுங்க. எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் பழகுறோம்." பூந்தமல்லிக்கு மேற்கே எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து சாதிப் பேச்சை எடுத்தாலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். சொல்கிறவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர் வளர்ந்த தெருவில், அவர் உட்காரும் திண்ணையில், அவருக்கு அப்படி எதுவும் நேர்ந்ததில்லை. நேர்ந்தவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம், காலனியில் இருக்கிறார்கள். அங்கே போய் யாரும் கேட்பதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில், கூரை ஓலைக்குள் ஓர் அலுமினியக் குவளை செருகியிருக்கும். நாற்று நட வருகிறவர்களுக்கு அதில்தான் தண்ணீர். அது மட்டும் ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டதற்கு, "சின்னப் பிள்ளைக்கு எதுக்குடா அதெல்லாம், போய் விளையாடு" என்றார்கள். அதட்டல்கூட இல்லை, கொஞ்சலாகத்தான் சொன்னார்கள். பல வீடுகளில் இந்தப் பாடம் இப்படித்தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எதைக் கேட்கக் கூடாது என்பதை அன்போடு கற்றுக் கொடுத்துவிட்டால், பிறகு யாரும் யாரையும் தடுக்க வேண்டியதில்லை.

மறைந்து கிடக்கும் அநீதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், 'பாதிக்கப்பட்டவர்கள் துணிந்து வாய் திறக்க வேண்டும்' என்று ஒருவர் சொல்வார். இதை என்னால் ஏற்க முடிவதில்லை. அவர்கள் எப்போதுமே பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். நடந்ததைக் கேட்க மலைவாழ் மக்கள் சங்கத்தினர் வந்தபோது அந்த மக்கள் சொன்னார்கள். பத்திரிகைகளிலும் வந்தது. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றது அரசாங்கம். உயர் நீதிமன்றம் தலையிட்டு வழக்கு சி.பி.ஐ.க்குப் போக 1995 ஆனது. தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29-இல் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதி 215 பேருமே குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டிலும் அது உறுதியானபோது 2023 செப்டம்பர். ஆக முப்பத்தோரு வருடம்! அந்தப் பெண்கள் விசாரணையில், சாட்சிக்கூண்டில் என்று சொன்னதையே எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்? அங்கே மௌனமாக இருந்தது வாச்சாத்தி அல்ல, கேட்க வேண்டியவர்கள்தான்.

அதனால்தான் எனக்குக் குத்தம்பாக்கம் முக்கியமாகப் படுகிறது. சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பூந்தமல்லி, திருமழிசை தாண்டியதும் வரும் ஊர். இன்றைக்குப் பலருக்கு இந்தப் பெயர் புறநகர்ப் பேருந்து நிலையத்தால் தெரிகிறது. முன்பு இங்கே கள்ளச்சாராயம் இருந்தது, சாதிச் சண்டை இருந்தது, குடித்துவிட்டு மனைவியை அடிப்பது அன்றாடம் நடந்தது. இதே ஊரில் தலித் குடும்பத்தில் பிறந்து வேதிப் பொறியியல் படித்து, சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்த இளங்கோ ரங்கசாமி, வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். 1996-இல் ஊராட்சித் தலைவரானார்.

அவர் செய்தவற்றில் சாலை, வடிகால், தெருவிளக்கு என்று பலவற்றைச் சொல்லலாம். என் மனதில் நிற்பது வீடுகள். எல்லாச் சாதியினரும் ஒன்றாகக் குடியிருக்க என்று 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டத்தில் ஓரிடத்துக்கு 100 வீடுகள். அவற்றில் 40 தலித் குடும்பங்களுக்கு. எல்லாம் தனித்தனி வீடுகள். குத்தம்பாக்கத்தில் அதை மாற்றி, 50 இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். இந்தப் பாதியில் ஒரு தலித் குடும்பம், அந்தப் பாதியில் வேறொரு சாதிக் குடும்பம், இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஒரே சுவர். கல்லையும் சூளையில் வாங்கவில்லை. உள்ளூர் மண்ணை அழுத்திக் கல்லாக்கினார்கள், ஊர்க்காரர்களுக்கே வேலை கிடைத்தது.

அந்தச் சுவரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஊர் வேறு, காலனி வேறு என்று இருக்கும்வரை அங்கே நடப்பது இங்கே காதில் விழாது. விழாதது யாருக்கும் கேள்வியாவதில்லை. நடுச்சுவர் ஒன்றே என்றானபின் பக்கத்துக் குழந்தையின் இருமல் கேட்கும், ராத்திரிச் சண்டை கேட்கும், மீன் குழம்பின் வாசம் வரும். அடிபடும் பெண்ணின் குரலும் கேட்கும். கேட்டவர் கதவைத் தட்டாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வழியில்லை. சுவர் சாதியை ஒழித்துவிடும் என்று நான் நம்பவில்லை. கலப்பு மணம் என்று ஒன்று வரும்போது சமத்துவபுரத்திலும் பழைய கோபம் எழக்கூடும். ஆனாலும் தெரியாது என்று தப்பித்துக்கொள்ளும் வசதியை அது பிடுங்கிக்கொள்கிறது. ஒரு வீட்டு வரைபடம் இவ்வளவு செய்ததே பெரிய காரியம்.

இன்னொன்று கிராம சபை. வடிகால் வேலையில் செலவைக் குறைக்கப் போட்ட கருங்கல் துண்டுகளால் விதிமீறல் புகார் எழுந்து இளங்கோ பதவிநீக்கத்துக்கு ஆளானார். அப்போது அவர் போய் நின்ற இடம் கிராம சபைதான். கணக்கு ஊர் முன்னால் வைக்கப்பட்டது. ஊர் அவர் பக்கம் நின்றது, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தலித் தலைவர் ஒருவருக்காகச் சாதி பார்க்காமல் ஊர் கூடியது என்பதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே 1996 தேர்தலில்தான் மதுரை மாவட்டம் மேலவளவில் தலித்தான முருகேசன் ஊராட்சித் தலைவரானார். 1997 ஜூன் 30-இல் அவரும் உடன் இருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தெற்கே நடந்தது என்று நாம் ஒதுங்கவும் முடியாது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில், 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சித் தலைவரான தலித் பெண்மணி தேசியக் கொடி ஏற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளியே வந்தபின் மாவட்ட ஆட்சியர் நேரில் போய், சில நாள் கழித்து அவரைக் கொண்டே கொடி ஏற்ற வைத்தார். அந்தத் தாமதக் கொடி எனக்கு நிறைவு தரவில்லை. பதினைந்தாம் தேதி காலையில் அங்கே கூடி நின்ற அத்தனை பேரில் ஒருவர், "தலைவரம்மா எங்கே?" என்று உரக்கக் கேட்டிருந்தால் ஆட்சியர் வர வேண்டியிருக்காது.

சூளை என்றேனே, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. அட்வான்ஸ் என்று சில ஆயிரம் வாங்கியிருப்பார்கள். எவ்வளவு கல் அறுத்தாலும் அது கழியாது. மருத்துவமனைக்கு, சாவு வீட்டுக்குப் போவதற்குக்கூட முதலாளி அனுமதி வேண்டும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழை இன்றும் ஒரு குடும்பம் கையில் வாங்குகிறது என்றால், ஐம்பது வருடமாகச் சூளைக்கு லாரி ஓட்டியவர், கல் வாங்கியவர், பக்கத்து நிலத்துக்காரர், பள்ளிக்கூடத்து ஆசிரியர் எல்லோர் கண்ணிலும் அந்த அடிமைத்தனம் பட்டிருக்கிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் எழும் அடுக்குமாடிகளில் கல்லின் விலையை விசாரிக்கிறோம். அறுத்தது யார், அவர் விரும்பினால் நாளைக்கு ஊருக்குப் போக முடியுமா என்பதையும் விசாரிக்கலாம். அதற்குப் பெரிய துணிச்சல்கூடத் தேவையில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. நகரம் மேற்கே நகர்கிறது. புறநகர் ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கும் பேச்சு ஓயவில்லை. சேர்ந்தால் நல்ல குடிநீர் வரலாம், சாலை வரலாம். ஆனால் கிராம சபை போய்விடும். ஆண்டுக்கு ஆறு முறை, ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று அதிகாரியைக் கேட்கலாம் என்றிருக்கும் இடம் அது. சாதி மட்டும் போகாது. நகரத்தில் அது விலாசம் மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், "சொந்த ஊர் எது? சைவமா? உங்க ஆளுங்க யாராவது இந்தப் பக்கம் இருக்காங்களா?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். பிடிக்காத பதில் வந்தால், "இப்பதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்று முடித்துவிடுகிறார்கள். இதற்குக் குவளை தேவையில்லை, சாட்சியும் கிடையாது.

கிராம சபையைப் போல நகர்ப்புறத்துக்கும் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை வந்திருக்கிறது. அதில் குப்பையும் கொசுவும் தெருவிளக்கும் பேசப்படுகின்றன, பேச வேண்டியவையே. அதே கூட்டத்தில், நம் வார்டில் எந்தத் தெருவில் யாருக்கு வீடு கிடைப்பதில்லை என்பதையும், மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாதென்று சட்டம் இருக்க, நம் அடுக்குமாடியில் கடைசியாக அடைப்பு எடுத்தது யார், எப்படி என்பதையும் கேட்டுப் பதிவேட்டில் எழுத வைக்கலாம். அதைக் கேட்க வேண்டியது வீடு கிடைக்காமல் அலைந்தவரோ குழியில் இறங்கியவரோ அல்ல. வீடு உடனே கிடைத்த நான் கேட்க வேண்டும், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கேட்க வேண்டும்.