பிள்ளைகளுக்குக் கிரேக்கக் கதைகளா?



கிரேக்க தேவர்களின் கதைகளைப் படங்களோடு சொல்லும் நூல்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா? அவை விசுவாசத்தைக் கெடுக்காவோ?

இக்கேள்வி பழையது. 4ஆம் நூற்றாண்டில், செசரியாவின் ஆயராய் விளங்கிய புனித பசிலியார் இளைஞருக்கு எழுதிய அறிவுரையில் தேனீயைக் காட்டினார். தேனீ எல்லா மலரையும் நாடாது. நாடிய மலரிலும் வேண்டியதை மட்டுமே எடுக்கும். கிரேக்க இலக்கியத்தையும் அவ்வாறே பயிலலாம் என்றார். ஏதென்ஸ் நகரில் புனித பவுலும் கிரேக்கப் புலவரின் வாக்கை எடுத்தாண்டே போதித்தார் (தி.ப. 17:28).

ஆனால், தெரிந்தெடுக்கப் பிள்ளைக்குத் துணை வேண்டும். 1962இல் வெளிவந்த டொலேர் தம்பதியரின் படநூலைப் பாருங்கள். மனிதருக்காகப் புரொமீத்தியஸ் நெருப்பைத் திருடிக் கொடுக்கிறான். சினங்கொண்ட பெருந்தேவன் சீயஸ் அவனைப் பாறையிலே பிணிக்கிறான். கழுகு நாள்தோறும் அவன் ஈரலைக் கொத்துகிறது.

“நன்மை செய்தவரை ஏன் அப்பா தண்டித்தவர்?” என்று பிள்ளை கேட்கும். அப்போது புத்தகத்தைப் பறித்து மூடிவிடாதீர்கள். அதுவே பொன்னான வேளை. மனிதர் நெருப்புப் பெற்றதையும் பொறாதவன் அத்தேவன். மனிதருக்காகத் தம்மையே சிலுவையில் கையளித்தவர் நம் ஆண்டவர். இந்த வேற்றுமையை எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளையைக் கதையோடு தனியே விடுவதே ஆபத்து. புத்தகத்தை வாங்கிக் கொடுப்பவர் பக்கத்தில் அமரவும் கடமைப்பட்டவர்.