அணி மாறுதல் அறப்பிழையோ?

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை உள்ளது. அதனுள் சிதைந்த தேவாலயம் ஒன்றில் டிலனாய் என்னும் ஐரோப்பியத் தளபதியின் கல்லறையைக் காணலாம். அதன்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பகைவராய் வந்தவருக்கு நாஞ்சில் மண் அளித்த இடம் அது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்த டிலனாய், 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டார். பின்னர் அம்மன்னரிடமே பணியேற்று, அவர் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார், கோட்டைகளை வலுப்படுத்தினார். ‘வலிய கப்பித்தான்’ எனப் பெயர் பெற்றார். அடுத்த மன்னர் காலத்திலும் தொடர்ந்து, 1777இல் இறக்கும்வரை அப்பணியிலேயே நிலைத்திருந்தார்.

இது துரோகமா? பிரெஞ்சுப் புரட்சித் தளபதி டூமூரியேயின் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். 1792இல் வால்மியில் வெற்றி கண்ட அவர், மறு ஆண்டே தோல்வியுற்றார். தம்மை நம்பிய படையைப் பாரிசு அரசுக்கு எதிராகத் திருப்ப முயன்றார். அது கைகூடாமையால் ஆஸ்திரியரிடம் சென்று சேர்ந்தார். நம்பியோரைத் தம் நோக்கத்திற்குக் கருவியாக்க முனைந்ததே அவர்தம் பிழை. சிறைப்பட்ட டிலனாயோ எவரையும் அவ்வாறு காட்டிக் கொடுக்கவில்லை. கம்பெனிக்கு அவர் கடமைப்பட்டவரே; ஆயினும் அக்கடமை, மிளகு வாணிகத்திற்காகப் பிறர் நாட்டில் போர் தொடுப்பது. அதனைக் கைவிட்டதைப் பழி என்று கூறுதல் அரிது.

எனினும் இத்துடன் தீர்ப்பளித்தல் முறையன்று. இல்லறத்தார் தற்காப்பிற்காக எடுக்கும் ஆயுதத்தையும் பேராசையால் எடுக்கும் ஆயுதத்தையும் சமண அறம் ஒன்றாகக் கருதுவதில்லை. டிலனாய் முன்னின்று அமைத்த நெடுங்கோட்டை, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1789இன் இறுதியில் திப்புவின் முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது. அது காவல். ஆனால், அவர் பயிற்றிய படையே காயங்குளம் முதலிய அண்டை நாடுகளையும் வென்று அடக்கியது. அதனைக் காவல் என்பார் யார்?

ஆதலின் மாறியது அணி, மாறாதது தொழில். ‘எவர் பக்கம் நின்றாய்?’ என்று உலகம் வினவும். ‘நின்ற இடத்தில் எவ்வுயிர்க்கு என்ன செய்தாய்?’ என்பதே அறத்தின் வினா. நாமும் வாணிகத்திலும் சங்கத்திலும் குடும்பத்திலும் பக்கம் மாறுகின்றோம். அல்லது மாறாது நிற்கின்றோம். மாறாமையைப் பெருமையாகவும் பேசிக்கொள்கின்றோம். அவ்வேளையில் இவ்விரண்டாம் வினாவை நம் நெஞ்சிடம் நாமே கேட்டுக்கொள்வோமாக.