பனியை உடைத்த குடியானவர்

புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டி என்றால் மார்க்கெட்டில் மீன்மேல் அள்ளிப்போடும் ஐஸ்தான். ஆனாலும் உறைந்த நாட்டில் ஊரால் விரட்டப்பட்டுத் திரியும் பிள்ளையின் கதையை அவர்கள் கண்கொட்டாமல் கேட்பார்கள். அத்தகைய கதைகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் முடிகின்றன. விரட்டப்பட்ட பிள்ளைக்கு அதிசய சக்தி இருக்கும், ஆபத்து வரும்போது அது ஊரைக் காப்பாற்றும், ஊர் அணைத்துக்கொள்ளும். அப்படியானால் சக்தி எதுவும் இல்லாத பிள்ளையை என்ன செய்வது?

ஒதுக்கப்பட்ட குழந்தைக்கு இந்தக் கதை தெம்பு தருகிறது. அதைப் பறிப்பது நியாயமாகாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. விரட்டியவர்களைக் கதை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தகுதியைக் காட்டும் சுமை முழுவதும் விரட்டப்பட்டவர் தலையில்தான்.

1843இல் ஆண்டர்சன் எழுதிய அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையில், குஞ்சு அன்னமானதுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. இடையில் ஒரு கொடும் குளிர்காலம் வருகிறது. குளம் சுற்றிலும் இறுகி, குஞ்சு பனியில் சிக்கிக்கொள்கிறது. காலையில் அவ்வழியே வந்த குடியானவர் தம் மரச்செருப்பால் பனியை உடைத்து, அதை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். அது அன்னம் என்று அவருக்குத் தெரியாது. கதையின் அறம் முழுவதும் அந்த மரச்செருப்பில்தான் இருக்கிறது.

தகுதி கேட்காமல் பனியை உடைக்கும் இந்தச் செயலைப் புதுச்சேரியும் அறிந்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் பிடிக்குத் தப்பி 1908இல் பாரதியும் 1910இல் அரவிந்தரும் இங்கே வந்தார்கள். வெளியிலிருந்து வந்து தங்குவோருக்கு ஊரில் மதிப்புள்ள ஐவர் சான்று தர வேண்டும் என்று பிறகு பிரெஞ்சு நிர்வாகம் சட்டம் போட்டது. அரவிந்தருக்காக உள்ளூர்ப் பிரமுகர் கலவை சங்கரச் செட்டியார் முன்னின்று கையெழுத்துகளைத் திரட்டினார். பிரிட்டிஷ் ஒற்றர்கள் தெருத்தெருவாக நோட்டம் பார்த்த காலம் அது. அரவிந்தர் அப்போதே பெயர்பெற்றவர்தான். ஆனால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்திடுவதுதான் ஆபத்தாக இருந்தது.

குடியானவர் வீட்டில் குஞ்சு தங்கவில்லை. பிள்ளைகள் விளையாட வந்ததை அடிக்க வருவதாக எண்ணி மிரண்டு, பாலைக் கொட்டி, வெண்ணெயிலும் மாவிலும் விழுந்தெழுந்து, திறந்திருந்த கதவு வழியே வெளியே ஓடிவிட்டது. அவருக்கு நன்றியும் கிடைக்கவில்லை, லாபமும் இல்லை. கதை சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. பனியை உடைத்தது வீண்தானே என்று ஒரு பிள்ளை கேட்கலாம். உடைத்திராவிட்டால் குஞ்சு அங்கேயே செத்திருக்கும் என்று சொன்னால் போதும். அவர் உடைத்ததற்கும் வேறு காரணம் இருக்கவில்லை.