மரண சாசனமும் எனதென்னும் பற்றும்

சைவ நன்மக்களுட் சிலர், ஆண்டு முதிர்ந்து உடல் தளர்ந்த பின்னரும், தம் பொருளைக் குறித்து மரண சாசனம் எழுதிவைக்கக் கூசுகின்றனர். நாடோறும் நீறிட்டு ஐந்தெழுத்தோதி, யான் எனதென்னும் இருவகைப் பற்றும் அறவேண்டுமென்று இறைவனை வேண்டிவரும் ஒருவர், வக்கீலின்முன் அமர்ந்து, என் வீடு, என் நிலம், என் பணம் என்று வரிதோறும் எழுதுவித்தல் அப்பற்றினை வளர்ப்பதாகாதோ என்பது அன்னோர் ஐயம். உடம்பே தமதன்றென்று தெளிந்தார்க்கு, அது வீழ்ந்தபின் எஞ்சும் பொருளைப்பற்றிக் கவலை எற்றுக்கு? நடப்பது நடக்குக என்று வாளாவிருத்தலே ஞானநெறிக்கு ஒத்ததென்பர் அவர்.

இவ்வையம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உயில் என்று வழங்கும் மரண சாசனத்தின் வாயிலாகத் தம் பற்றினையே நெடிதாக்கிவைத்துச் செல்வாரும் உலகிற் பலர் உளர். அவர் திறம் பின்னர்க் கூறப்படும். ஈண்டு முதற்கண் ஆராயத்தக்கது, எழுதாது வாளாவிருத்தல் துறவாமோ என்பதே.

எழுதாது இறந்தார் ஒருவர் பொருள் எவர்க்கும் உரித்தாகாது வெளியில் நிற்பதில்லை. அவர் எழுதாவிடினும், சட்டம் அவர்பொருட்டு ஒரு சாசனத்தை முன்னரே எழுதிவைத்திருக்கின்றது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயிலின்றி இறந்த இந்து ஆடவரது பொருளில் மனைவி, தாய், ஆண்மக்கள், பெண்மக்கள் ஆகியோர் முதல் வகுப்பினராய்ச் சமபங்கு எய்துவர். நல்ல ஏற்பாடே. ஆயின், ஒருவர்க்கு மணமாகாத தங்கையார் ஒருவர் உளர் என்க. தமையன் மனைவி நோயுற்ற காலத்து அவர்தம் மக்களைத் தம் மக்களென எடுத்து வளர்த்தவர். நாற்பதாண்டு அவ்வீட்டு அடுக்களையிற் புகையுண்டவர். முதல் வகுப்பினருள் ஒருவரேனும் இருக்கும்வரை அவ்வம்மையார்க்கு அச்சட்டத்திற் பங்கில்லை. மகவெனக் கொண்டு வளர்த்தும் முறைப்படி தத்தெடாது விட்ட பிள்ளைக்கும் இல்லை. தமையனார் ஒருவரியும் எழுதாது, எல்லாம் சிவன் செயல் என்று கண்மூடுவராயின், அவ்வம்மையார் தாம் வளர்த்த மக்களின் தயவை நோக்கி அவ்வீட்டு வாயிலில் நிற்கவேண்டியவர் ஆவர். இது துறவா, அன்றித் தம் கடனைப் பிறர் தலையில் ஏற்றிச் செல்லுதலா? சிவன் செயல் என்னும் அருஞ்சொல்லைத் தம் சோம்பலுக்குப் போர்வையாக்குதல் சைவத்திற்கு இழுக்கேயாம்.

தநு கரண புவன போகங்கள் நான்கும் உயிர்களின் மலப்பிணி நீங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்று தோற்றுவித்து அளித்தவை என்பது சித்தாந்தம். அவை உயிரின் உடைமையல்ல, இரவலாகப் பெற்றவை. இரவற்பொருள் பெற்றான் நீங்குங்காற் செய்யற்பாலது யாது? பெற்றது இது, செலவிட்டது இது, எஞ்சியது இது, இன்னார் கையில் ஒப்புவிக்கின்றேன் என்று கணக்குக் காட்டுதலே. கணக்குக் காட்டாது எழுந்து போவானைப் பற்றற்றவன் என்று எவரும் சொல்லார்.

இனி, உயில் எழுதுவிக்க வக்கீலை நாடினார்க்கு முதற்கண் நேர்வது யாதென நோக்குதல் வேண்டும். அவர் ஏட்டைத் திறக்குமுன், இது உம்முடையதுதானா என்று வினவுகின்றார். பட்டா எங்கே, கிரயப் பத்திரம் எவர் பெயரில், பாட்டனார் காலத்துச் சொத்தாயின் பாகப்பிரிவினை நடந்ததா என்று ஒவ்வொன்றாய்க் கேட்கின்றார். நெடுங்காலம் என் வீடு என்று சொல்லிவந்த வீடு, மனைவியின் பணத்தால் அவர் பெயரிலேயே வாங்கப்பட்டதென அப்பொழுதுதான் தெளிவாகின்றது. பிரிவுபடாத பரம்பரைச் சொத்தாயின் தம் பங்கினையன்றி முழுதினையும் எழுதல் இயலாது. 1956-க்கு முன்னர் மிதாட்சர முறையிற் கூட்டுக்குடும்பத்தார் ஒருவர் தம் பிரிவுபடாப் பங்கினைத்தானும் உயிலாற் கொடுத்தல் இயலாதிருந்தது. அவ்வாண்டுச் சட்டமே அதற்கு இடந்தந்தது. அப்பங்கும் முன்னிருந்த அளவினதன்று. மணமாகாத பெண்மக்கட்குத் தமிழ்நாட்டில் 1989-இலும், பின்னர் மணமானார்க்கும் உட்பட நாடெங்கும் 2005-இலும், பிறப்பினாலேயே ஆண்மக்களோடொத்த உரிமை வழங்கப்பட்டது. 2005-இல் தந்தை உயிரோடிருந்திருத்தல் வேண்டுமென்பதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவித்தது. பூர்வீக வீட்டை மகன்களுக்கே என்று எழுத வந்த பெரியவர், தமதல்லாத பொருளைத் தாம் வழங்க முற்பட்டமையை அங்கே உணர்கின்றார்.

எனதென்று கொண்டவற்றுள் எனதல்லாதன எவை என்று ஆராய்ந்து கழித்தலே சாதனையின் தொடக்கமென நூல்கள் கூறாநிற்க, அதனையே வக்கீல் பத்திரங்களைக் கையிற்கொண்டு செய்விக்கின்றார். அவர் தொழில் வேறு, நோக்கம் வேறு; ஆயினும் கேட்கும் கேள்வி ஒன்றே. எழுபதாண்டில் ஒருமுறையேனும் இக்கேள்விக்கு விடை தேடாதவர் பற்றினை அறிந்திலர், அறியாததனை விடுவதெங்ஙனம்?

அற்றேல், உயிலால் பற்று வளர்தல் எஞ்ஞான்றும் இல்லையோ எனின், உண்டு. இன்னாளை மணந்தாற் பங்கில்லை என்றும், இவ்வீட்டை மூன்று தலைமுறைக்கு விற்கலாகாதென்றும், இந்த மாமரத்தை வெட்டலாகாதென்றும் எழுதி, இறந்த பின்னரும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஆள விழைவார் உளர். கொடுத்தும் கொடாதவர் இவர். முழு உரிமையையும் கொடுத்துவிட்டு இங்ஙனமே அனுபவித்தல் வேண்டுமெனப் பூட்டிடும் கட்டளைகளைச் சட்டமும் பெரும்பாலும் ஏற்பதில்லை. இதனினும் கொடிது ஒன்றுண்டு. மூத்த மகன் குடிகேடன், மருமகள் வாயாடி என்று வசையினைச் சாசனத்தில் ஏற்றுதல். தந்தையின் சாம்பல் கரைத்து வந்த ஈரம் உலருமுன் மக்கள் அதனைக் கேட்பர்; மறுமொழி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் எதிரில் எவரும் இரார். ஒருவர்க்குக் குறைத்துக் கொடுக்க நேர்ந்தால், முன்னரே அவர் படிப்புக்கும் மணத்திற்கும் இன்னது செய்தாயிற்று என்பது போன்ற காரணத்தை ஒருவரியில் அமைதியாக எழுதலாம். அது பின்னர் வழக்கு எழுந்தாலும் உதவும். கோபத்தை எழுத வருவாரை நல்ல வக்கீல் ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். அவ்வொரு வாரத்திற்கே அவர்க்குக் கொடுக்கும் கட்டணம் தகும்.

இனி, உயிலுக்கு வக்கீல் இன்றியமையாதவரோ எனின், சட்டம் அங்ஙனம் கூறவில்லை. முத்திரைத்தாள் வேண்டா, பதிவு செய்தலும் கட்டாயமன்று. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வேண்டுவது, எழுதுவோரது கையொப்பமும், அவர் கையொப்பமிடக் கண்டேனும், இது தம் கையொப்பமே என்று அவர் கூறக் கேட்டேனும், அவர் முன்னிலையில் தாமும் கையொப்பமிடும் சாட்சிகள் இருவருமே. வெள்ளைத்தாளில் எழுதினும் செல்லும்.

சாட்சி, கையொப்பம், ஆவணம் என்னும் இவையெல்லாம் உலகியல் இழிவு என்பார், தடுத்தாட்கொண்ட வரலாற்றை நினைவு கூர்தல் நன்று. மணப்பந்தரிற் புகுந்து சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம் அடிமையென்ற முதிய அந்தணர், தம் வாய்ச்சொல்லையே சான்றாகக் கொள்க என்றிலர். ஓலை காட்டினார். நாயனார் அதனைப் பறித்துக் கிழித்தபொழுது, கிழிந்தது படி, மூலம் வேறுண்டு என்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூல ஓலையை வாங்கிப் படித்து, சாட்சிகளின் எழுத்தை நோக்கி, பாட்டனாரது கையெழுத்தைக் காப்பிலிருந்த அவர்தம் வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புரைத்தனர். எல்லாம் உடையானும் தன் உரிமையை எழுத்தாலும் சாட்சியாலும் நடுநின்ற அவையாலும் நிறுவிக்கொண்டான் எனின், அவனடியார் அவற்றை இகழ்தல் யாங்ஙனம்? படியையும் மூலத்தையும் வேறு வேறிடத்து வைத்தமையும் ஈண்டு நோக்கத்தக்கது.

வெள்ளைத்தாளும் செல்லும் எனினும், அதில் எழுதும் சொல் செல்லுமோ என்பது வேறு வினா. சைவர் பலர் தம் பொருளில் ஒரு பகுதியை அறத்திற்கு வைக்க விரும்புகின்றனர், இடறுவதும் அவ்விடத்தேயாம். 1899-இல் பம்பாய் வழக்கொன்றில், தம் பொருளைத் தர்மத்திற்கு என்று மட்டும் எழுதிவைத்த ஒருவரது ஏற்பாடு செல்லாதென இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அச்சொல்லின் பொருள் மிக அகன்று நிற்றலின், அதனை மன்றம் நடத்துவிக்கவோ கண்காணிக்கவோ இயலாது என்பது காரணம். தர்மம் என்னும் சொல்லினும் உயர்ந்த சொல் நம் வழக்கில் அரிது. அதன் விரிவே அங்குக் குற்றமாயிற்று. எழுதியவர் உள்ளத்தில் இன்ன கோயில், இன்ன பூசை என்பது தெளிவாக இருந்திருக்கலாம், தாளில் இல்லை. இன்ன ஊர், இன்ன திருக்கோயில், திருமுறை ஓதுவார்க்கு மாதம் இவ்வளவு, நடத்துவோர் இன்னார், அவர்க்குப்பின் இன்னார் என்று எழுதியிருப்பின் இத்தடை நேர்ந்திராது.

இன்னுமொன்று சைவர்க்கு மிக அணுக்கமானது. ஓர் அம்மையார் தம் கணவரது சமாதியில் நித்திய பூசையும் ஆண்டுதோறும் குருபூசையும் நடைபெறுமாறு சொத்தினை எழுதிவைத்தார். சொற்கள் தெளிவாகவே இருந்தன. ஆயினும் 1953-இல் உச்ச நீதிமன்றம், தனி ஒருவரது சமாதி வழிபாட்டிற்குச் சொத்தினை என்றென்றைக்குமாக ஒதுக்குதல் இந்துக்களின் அறச் செயலாகச் சட்டத்தில் ஏற்கப்பட்டதன்று என்று கூறி அதனைச் செல்லாதாக்கியது. அடியாரென வணங்கப்பட்ட மகான்களின் சமாதி வேறு நிலையில் நிற்கலாம் என்றும் குறித்தது. அத்தீர்ப்பினை ஒப்புதலும் ஒவ்வாமையும் அவரவர் கருத்து. கணவர்பால் வைத்த அன்பு மாசற்றதே. அவ்வன்பினை நிலைநிறுத்தும் வழியைச் சட்டம் அறிந்தார் ஒருவர் முன்னரே சொல்லியிருத்தல் கூடும். அச்செலவினை நிலைத்த கோயிற் கட்டளையொன்றாகவோ, ஏழைகட்கு அன்னம் அளிக்கும் அறமாகவோ அமைத்திருக்கலாம்.

வக்கீலின் துணை வேண்டப்படுதற்கு இவற்றினும் ஆழ்ந்த காரணம் உயிரின் இயல்பிலேயே உளது. உயிர் தனித்து நில்லாது; எதனைச் சார்ந்ததோ அதன் தன்மையாய் நிற்கும் என்பது மெய்கண்டார் மரபு. நோயுற்று முதிர்ந்த ஒருவர் எவரைச் சார்ந்து நிற்கின்றார்? வேளைக்கு மருந்து கொடுப்பவரை, கைபிடித்து எழுப்புபவரை. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அந்நிலையில் அவர் விருப்பமே முதியவர் விருப்பமாகத் தோன்றுதல் இயல்பு. முதியவர்க்கே வேறுபாடு தெரியாது. வஞ்சனை இல்லாமலே நிகழ்வது இது. நீதிமன்றங்களும் இதனை அறிந்துள்ளன. 1959-இல் உச்ச நீதிமன்றம், உயிலால் பெரும்பயன் அடைவார் ஒருவரே அதனை எழுதுவிப்பதிலும் முன்னின்றார் எனின் அது ஐயத்திற்கிடமான நிலை என்றும், அவ்வையத்தை நீக்கும் பொறுப்பு அவ்வுயிலைக் கொண்டு வருவார் மேலதே என்றும் விளக்கியது. கட்டிலருகே இருந்து பணிவிடை செய்த மகள், தாமே எழுதுவித்துத் தாமே எழுத்தரை அழைத்து வந்தமையால், உண்மையில் தந்தை மனமுவந்து கொடுத்ததனையும் வழக்காடிப் பெற நேரும்.

ஆதலின் உடலும் அறிவும் திடமாயிருக்கும்பொழுதே, பங்கு பெறுவார் எவரும் உடனில்லாத வேளையில், குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத வக்கீல் ஒருவரிடம் தனித்துச் சென்று பேசுதல் வேண்டும். அவரிடம் எதனையும் மறைத்தலாகாது. கடன், ஊரறியாத உறவு, முன்னொருகால் கையொப்பமிட்டுக் கொடுத்த பழைய தாள் ஆகிய எல்லாவற்றையும் சொல்லுதல் வேண்டும். மருத்துவரிடம் நாணுவார் நோய் தீராமைபோல, இங்கு நாணுவார் சாசனம் நிலைபெறாது. சாட்சிகள் பங்கு பெறாதாராயும், எழுதுவோரினும் இளையராயும் இருத்தல் நலம். பின்னாளில் அவருள் ஒருவரையேனும் மன்றிற்கு அழைத்து விசாரிக்க நேரும். வக்கீல்களுள்ளும், நான்கு பக்கத்தில் முடிவதனை நாற்பது பக்கமாக்கி, எழுதுவிப்போர்க்கே விளங்காத ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுப்பார் உளர். தமிழ் மட்டும் அறிந்தவர் தமிழிலேயே எழுதுவித்துத் தாமே ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தல் வேண்டும். படிக்குங்கால் நாவு தடைப்படும் இடத்திலேதான் பெரும்பாலும் பொருளும் தடைப்பட்டிருக்கும்.

எழுதியபின் மனம் மாறின் மாற்றலாம். உயிரும் அறிவும் உள்ளவரை எத்தனை முறையும் மாற்ற உரிமையுண்டு. எழுதிவிட்டால் ஆயுள் குறையும் என்றஞ்சுவார் இதனை அறிதல் வேண்டும். வீட்டுப் பெட்டியில் வைக்க ஐயுறுவார், 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின்படி, உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்புவிக்கலாம். எழுதியவர் விரும்பின் தாமே திரும்பப் பெறலாம். அவர் இறந்தபின் உரியவர் விண்ணப்பம் செய்ய, பதிவாளர் அவர் முன்னிலையில் உறையைத் திறந்து, உள்ளிருப்பதனைத் தம் ஏட்டிற் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை மீண்டும் தம் காப்பிலேயே வைப்பார். அத்தங்கையார் பெயர் அம்மூலத்தில் எழுதப்பட்டிருப்பின், அண்ணன் மக்களை எதுவும் கேளாது, அவ்வேட்டின் படியொன்றை வாங்கிக்கொண்டு தம் அடுக்களைக்குத் திரும்பலாம்.