மலையும் மாறும்

நிலைபேற்றுக்கு உவமை தேடுவோர் மலையையே காட்டுவர். அம்மலைதானும் நிலையானதோ என்பதை இன்று சிந்திப்போமாக.

திருப்பதியை அடுத்த சேஷாசல மலைத்தொடரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கோடையில் அடிவாரம் 40 டிகிரிக்கு மேலும் காயும். ஏறக்குறைய 2,800 அடி உயரத்திலுள்ள திருமலையிலோ வெம்மை சற்றுத் தணிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொணரும்.

மலைப்பாதையின் ஓரத்தில் அரியதொரு காட்சி உண்டு. கீழே மிகப் பழைய கருங்கற்பாறை. அதன்மேல் அடுக்கடுக்காகக் குவார்ட்சைட் பாறை. இவ்வடுக்குகள் ஒரு காலத்தில் நீரடியில் படிந்த மணலாகும். இவ்விரு பாறைகளும் சந்திக்கும் கோட்டில் ஏறக்குறைய 80 கோடி ஆண்டுகளின் சுவடு இல்லை என்பர் நிலவியலார். மலை தேய்ந்து மணலாயிற்று. மணல் இறுகி மலையாயிற்று. அத்தேய்வு இன்றும் ஓயவில்லை. 2021 நவம்பரில் பெருமழை பொழிந்தது. டிசம்பரில் பாறைகள் உருண்டு மலைப்பாதையைச் சிதைத்தன.

இராசகிருகத்துக் கழுகுமலையில் எழுந்தருளியிருந்தபோது பகவான் புத்தர், அருகிலிருந்த வேபுல்ல மலையைக் காட்டிப் பிக்குகளுக்குப் போதித்ததைச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. முன்னொரு யுகத்தில் அம்மலைக்கு வேறு பெயர். ஏற நான்கு நாள் ஆகும். பின்னர்ப் பெயரும் மாறிற்று, உயரமும் குறைந்தது; அம்மக்களும் மறைந்தனர். ஆக்கப்பட்டவை யாவும் அநித்தியம் என்று ஐயன் முடித்தருளினார்.

நம் கண்முன் உள்ள மலைக்கும் இது பொருந்தும். 1911 வரை வடார்க்காடு, பின்னர்ச் சித்தூர், 2022 முதல் திருப்பதி என அது சார்ந்த மாவட்டத்தின் பெயரே மாறி வந்துள்ளது.

அன்பர்களே! பிறப்பால் உயர்வு தாழ்வு என்பது மலைபோல் அசையாதது என்று நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது. மலையே அசையுமாயின், மனிதர் கட்டிய அவ்வேற்பாடு எம்மாத்திரம்? ஆயினும் ஒன்றை நாம் ஒளியாது ஒப்புக்கொள்ள வேண்டும். தம்மத்தைத் தழுவிய பின்னும், பெண் கொடுக்கவும் எடுக்கவும் அமரும்போது உட்பிரிவை வினவும் வழக்கம் நம் இல்லங்களில் முற்றும் ஒழிந்ததா? பிறர் சுமத்திய மலையைப் பழித்துவிட்டு, நம் முற்றத்தில் ஒரு குன்றைக் காத்து வைப்பது தகுமா?

பாறையைத் தேய்ப்பது இடைவிடாது விழும் சிறுதுளி. அவ்வாறே நாள்தோறும் மைத்திரியைப் பயில்வோம். அடுத்த மணப்பேச்சில் அக்கேள்வியைக் கேளாதிருப்போம்.

நமோ புத்தாய!