இலுப்பை விதை காத்திருக்காது

ஆனி மாதக் கடைசியில் விடிவதற்குள் கொல்லைக்குப் போய்விட வேண்டும். இரவெல்லாம் வௌவால்கள் பழத்தைச் சப்பிவிட்டுப் போட்ட இலுப்பைக் கொட்டைகள் மரத்தடியில் சிதறிக் கிடக்கும். பழுப்பு நிறம், எண்ணெய் தடவியது போல் மினுமினுப்பு. ஒட்டியிருக்கும் சதையில் பால் பிசுபிசுக்கும்.

அப்பா நட்ட மரம். காய்க்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது. ஒரு காலத்தில் கோயில் விளக்குகளுக்கு இலுப்பை எண்ணெய்தான். மயிலாடுதுறைப் பக்கம் திருஇலுப்பைப்பட்டில் தல விருட்சமே இலுப்பைதான். எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லாத மரம் என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை. முதல் காய்ப்பில் கொட்டை கேட்டு வந்தவர்களிடம் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நல்லதாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தேன். ஐப்பசி மழைக்கு ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டி எடுத்து உடைத்தால் பருப்பு சுருங்கி, சிக்கு வாடை அடித்தது.

சரக்கொன்றை விதைக்குத் தோல் கெட்டி. வருஷக்கணக்கில் கிடந்தாலும் உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் முளைக்கும். புளியங்கொட்டையும் காத்திருக்கும். இலுப்பைக்கு உள்ளிருக்கும் ஈரம்தான் உயிர். அது காய்ந்தால் விதையும் செத்தது. விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

நெல்லையும் பணத்தையும் சேர்த்து வைத்த பழக்கத்தில் நாம் எல்லாவற்றையுமே வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம். எதை வைக்கலாம், எதை அன்றன்றைக்கே கொடுத்துவிட வேண்டும் என்று யோசிப்பதில்லை. கைப்பக்குவமும் அப்படித்தான். கிளையை மரத்திலேயே வேர்விட வைக்கும் விண்பதியத்தை என் பெரியப்பா கட்டினால் தவறவே தவறாது. பட்டையை எவ்வளவு சீவ வேண்டும், எப்போது அறுத்து நட வேண்டும் என்று கேட்டால், "அப்புறம் காட்டுறேன்டா" என்பார். நானும் அவசரப்படவில்லை. அவர் வளர்த்த நாரத்தை இன்றும் காய்க்கிறது. அந்தக் கைப்பக்குவம் அவரோடு போய்விட்டது.

இப்போது இலுப்பைக் கொட்டையைப் பொறுக்கிய அன்றே நாற்றுப் பையில் ஊன்றிவிடுகிறேன். கொட்டையைப் படுக்கவைத்து, அதன் பருமனுக்கு மேல் மண் போடுவதில்லை. பை உயரமாக இருக்க வேண்டும். ஆணிவேர் வேகமாக இறங்கும், அடியில் சுருண்டுவிட்டால் மரம் தேறாது. ஒரு கன்றுகூடக் கொல்லையில் தங்குவதில்லை. இது பெருமரம், சுவரை விட்டு நன்றாகத் தள்ளி நடுங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன். போன வருஷக் கன்று ஒன்று அடுத்த தெருவில் செம்புநிறத்தில் தளிர்விட்டிருப்பதைப் பார்த்தேன். "எங்களிடம் மட்டும்" என்று நான் சொல்லித் திரிந்த நாட்களில் இந்தச் சந்தோஷம் இருந்ததில்லை.

உங்கள் ஊர்க் கோயிலிலோ ஏரிக்கரையிலோ இலுப்பை நின்றால், ஆனி ஆடியில் காலையிலேயே மரத்தடிக்குப் போங்கள். பொறுக்கிய அன்றே ஊன்றுங்கள். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.